உத்தரமாகும் உயிர்

வீடு கட்டும் மரவேலையில் இரண்டு வகை உண்டு. நிலை, கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை என்று கண்ணில் படுவது ஒன்று. உத்தரம், விட்டம், கைமரம், ரீப்பர், சுவர்மேல் கிடக்கும் சட்டம், கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் முட்டு, கொத்தனார் ஏறி நிற்கும் சாரம் என்று பாரத்தைத் தாங்கிவிட்டு ஓட்டுக்கும் பூச்சுக்கும் பின்னால் மறைந்துபோவது மற்றொன்று. நிலை வைக்க நாள் பார்க்கிறார்கள், மஞ்சள் குங்குமம் இடுகிறார்கள். ரீப்பருக்கும் சாரக்கம்புக்கும் பூசை போடுவோர் இல்லை. அவையும் ஒரு காலத்தில் தளிர்விட்ட மரங்கள்தாம். உயிருள்ள ஒன்றை வெட்டி, பின்பு அதைத் தின்ன வரும் உயிர்களுக்கு நஞ்சும் வைத்து, மனிதன் தனக்கொரு கூரை போட்டுக்கொள்வது எந்த நியாயத்தில்? இந்தக் கேள்வியை இந்தியச் சமயங்கள் தயங்காமல் கேட்டிருக்கின்றன. எந்த மரம், மரத்தில் எந்தப் பகுதி, அதை எப்படிக் காப்பது என்று தச்சர் கேட்கும் மூன்று கேள்விகளோடு அவற்றின் விடைகள் பல இடங்களில் நெருக்கமாகப் பிணைந்துள்ளன.

மரத்தைத் தெரிவு செய்வது மரவாடியில் தொடங்குவதில்லை. மரத்தைப் பார்க்கும் பார்வையிலேயே அது தொடங்கிவிடுகிறது. இதை மிகக் கூர்மையாகக் கண்டுகொண்டது சமணம். அதன் ஆகமமான ஆசாராங்க சூத்திரம் துறவியின் பேச்சுக்கு விதி வகுக்கும் பகுதியில் மரங்களைப் பற்றி ஓர் ஆணை இருக்கிறது. சோலையிலோ மலையிலோ பெரிய மரங்களைக் காணும் துறவி, இவை மாளிகைக்கு ஆகும், வாயிலுக்கு ஆகும், வீட்டுக்கும் படகுக்கும் ஆகும் என்று சொல்லக்கூடாது. நல்ல சாதி மரம், உயர்ந்தது, பருத்தது, கிளை விரித்தது, அழகியது என்று சொல்லலாம். இரண்டும் அதே மரத்தைப் பற்றிய உண்மையான பேச்சுகளே. முதலாவது பேச்சில் கோடாரி ஏற்கெனவே விழுந்துவிட்டது என்பது சமணத்தின் கருத்து. தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது என மூன்று வழியிலும் கொலை நிகழும் என்று அது கணக்கிடுகிறது. ஒரு மரத்தை ‘ஆகும்’ என்று மதிப்பிடும் சொல் அந்த மூன்றாவது வழியைத் திறந்துவிடுகிறது.

ஏறத்தாழ இதே இடத்தைச் சீனத்தின் சுவாங் ட்சுவும் தொட்டிருக்கிறார். அவர் பெயரால் வழங்கும் நூலில், ஒரு கோயிலருகே நிற்கும் பிரம்மாண்டமான ஓக் மரத்தைத் தச்சர் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோகிறார். படகு செய்தால் மூழ்கும், தூண் நட்டால் புழு அரிக்கும், ஒன்றுக்கும் ஆகாத மரம் என்பது அவர் தீர்ப்பு. அன்றிரவு மரம் கனவில் வந்து, ஆகாததாக இருந்ததால்தான் இவ்வளவு காலம் வாழ்ந்தேன் என்கிறது. அந்நூலின் வேறோர் இடத்தில் இதற்கு மறுபக்கமும் வருகிறது: கத்தத் தெரியாத வாத்துதான் விருந்துக்கு முதலில் அறுபடுகிறது. பயனில்லாமை எப்போதும் உயிரைக் காக்கும் என்ற உறுதியும் இல்லை.

மரத்துக்கு உயிர் உண்டா என்பதில் இந்திய மரபுகள் ஒரே குரலில் பேசவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களில் சேர்க்கிறது. அவற்றுக்குரிய அறிவு தொடுவுணர்வு. மனுநூல், தாவரங்களுக்கு உள்ளுணர்வும் இன்ப துன்பமும் உண்டு என்று கூறி, பழமரங்களை வெட்டுவோருக்குக் கழுவாயும் விதிக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிருகு முனிவர் பரத்துவாசருக்கு இன்னும் விரிவாக வாதாடுகிறார்: வெப்பத்தில் இலை வாடுவதால் தொடுவுணர்வு உண்டு, இடியோசையில் பூ உதிர்வதால் கேள்வி உண்டு, கொடி வழிதேடிச் சுற்றிப் படர்வதால் பார்வை உண்டு. இந்தச் சான்றுகளில் பல இன்றைய தாவரவியலின் முன் நிற்கமாட்டா. ஆனால் வெறும் நம்பிக்கையாக விட்டுவிடாமல், மரத்தை உற்றுப் பார்த்து அதன் நடத்தையிலிருந்து முடிவுக்கு வரும் முயற்சி அது என்பதற்காக மதிக்கத்தக்கது.

எதிர்த்தரப்பின் மிக வலிமையான வாதம் பௌத்தத் தருக்கவாதி தர்மகீர்த்தியுடையது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அவர், நியாயபிந்து என்னும் நூலில் போலி ஏதுவுக்கு எடுத்துக்காட்டு தரும்போது திகம்பர சமணரின் வாதமொன்றை எடுத்துக்கொள்கிறார். பட்டை முழுவதையும் உரித்தால் மரம் இறக்கிறது, ஆகவே அது உணர்வுடையது என்பது அந்த வாதம். இறப்பு என்றால் அறிவும் புலன்களும் ஆயுளும் அற்றுப்போவது; அப்படிப்பட்ட இறப்பு மரத்துக்கு நேர்வதாகப் பௌத்தர் ஒப்புக்கொள்ளாதபோது, அதையே ஏதுவாக வைத்து எப்படி நிறுவ முடியும் என்பது தர்மகீர்த்தியின் மறுப்பு. காய்வது வேறு, சாவது வேறு.

தருக்கநூலுக்குள் வந்த இந்தப் பட்டை உரித்தல் மரவெட்டிகளின் கைவேலையாகவும் இருந்திருக்கிறது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் பர்மாவின் காடுகளில் தேக்கின் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கடுத்த வெளிக்கட்டையையும் வளையமாக வெட்டிவிட்டு, மரத்தை நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். பின்பு வெட்டினால் மிதக்கும். ஆற்றில் விட்டு இறக்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கும் விட்டங்களுக்கும் வந்த தேக்கின் ஊர் இதுதான். வளையம் வெட்டிய நாளிலா, இலை உதிர்ந்த நாளிலா, கோடாரி விழுந்த நாளிலா, எந்த நாளில் அந்த மரம் இறந்தது? விலங்கின் சாவுக்குச் சொல்லக்கூடிய நாளும் நாழிகையும் மரத்தின் சாவுக்கு இல்லை. திகம்பரர் பக்கமும் தர்மகீர்த்தி பக்கமும் ஒருசேர நியாயம் தெரிவதற்கு மரத்தின் இந்த இயல்பே காரணம்.

மரத்தின் உள்ளமைப்பு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. தொல்காப்பிய மரபியல் தன் வகைப்பாட்டில், வெளிப்புறம் வைரமானதைப் புல்லின் பக்கமும், உட்புறம் வைரமானதை மரத்தின் பக்கமும் நிறுத்துகிறது. பனையும் மூங்கிலும் முதல் வகை, தேக்கும் வேங்கையும் இரண்டாம் வகை. பனையிலிருந்து கைமரம் எடுப்பவர் வெளிச்சுற்றைப் பிளந்து எடுத்துக்கொண்டு நடுவிலுள்ள சோற்றைக் கழிப்பதும், தேக்கு அறுப்பவர் வெளியிலுள்ள வெள்ளையைக் கழித்து உள்ளே உள்ள சேகை எடுப்பதும் இந்தப் பகுப்பை அப்படியே பின்பற்றுகின்றன. இலக்கண நூல் ஒன்று ஆசாரியின் கண்ணோடு மரத்தைப் பார்த்திருப்பது வியப்புக்குரியது.

இந்தச் சேகு, அதாவது வைரக்கட்டை, மரம் பசுமையாக நிற்கும்போதே உயிரற்றது. மரத்தில் உயிர் ஓடும் பகுதிகள் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளர்படலமும் அதைச் சுற்றிய சில அடுக்குகளும் வெள்ளைக்கட்டையில் சிதறிக் கிடக்கும் செல்களுமே. மரம் பருக்கப் பருக்க உள்ளிருக்கும் வெள்ளை வைரமாக மாறுகிறது. அப்போது அங்குள்ள செல்கள் தம் மாவுச்சத்தைச் செலவிட்டு, பிசினும் நிறப்பொருளும் கசப்புப் பொருள்களும் ஆக்கி வைத்துவிட்டு இறக்கின்றன. தேக்கைக் கரையான் எளிதில் தொடாததற்கு அதன் சேகில் ஊறியிருக்கும் குயினோன் வகைப் பொருள்கள் முக்கிய காரணம். ஆக, கட்டடக்காரர் தேடும் பகுதி உயிருள்ள மரத்துக்குள் ஏற்கெனவே இறந்து, மரத்தாலேயே நஞ்சூட்டிப் பதப்படுத்தப்பட்ட பகுதி. வெட்டும்போது உண்மையில் இறப்பது வெள்ளை. கட்டடத்தில் முதலில் உளுத்துப்போவதும் அதுவே. எந்தச் சாதி மரமாக இருந்தாலும், வெள்ளைக்கட்டைக்குத் தானாக நிலைக்கும் திறம் கிடையாது.

இதனால் வெட்டுதல் குற்றமற்றதாகிவிடாது. இறந்த வைரத்தைத் தனியே எடுக்க வழியில்லை. அதைச் சுற்றி வாழும் மெல்லிய உயிர்ப்படலத்தை அழித்துத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் முதிராத மரத்தை வெட்டுவதன் பிழை என்ன என்பது இங்கே தெளிவாகிறது. இளமரத்தில் வெள்ளை மிகுதி, சேகு குறைவு. அங்கே உயிர் முழுமையாகப் போகிறது, கைக்கு வருவதோ சில ஆண்டுகளில் இற்றுப்போகும் கட்டை.

காட்டுக்குள் போய் மரம் கொண்டுவருவதற்கு வைதிக மரபு ஒரு சடங்கையே வகுத்தது. சதபத பிராமணத்தில் வேள்வித் தூணுக்கு மரம் வெட்டும்போது வெட்டுவாயில் ஒரு தர்ப்பையை வைத்து, மரத்தைக் காக்கும்படி புல்லிடமும் துன்புறுத்தாதிருக்கும்படி கோடாரியிடமும் வேண்டுகிறார்கள். வெட்டி முடித்ததும் அடிக்கட்டையில் நெய் விட்டு, நூறு கிளையாகத் துளிர்க்கும்படி வாழ்த்துகிறார்கள். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையில் வனம் புகுதலுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அது தெய்வத்திருமேனிக்கான மரத்தைப் பற்றிப் பேசினாலும், கட்டடக்கலை நூல்கள் தூணுக்கும் உத்தரத்துக்கும் மரம் எடுப்பதற்கு இதே போக்கில்தான் விதி சொல்கின்றன. முந்தின நாள் இரவு மரத்துக்குப் படையல் வைத்து, இதில் குடியிருக்கும் உயிர்கள் இதை ஏற்றுக்கொண்டு வேறிடம் போகட்டும், பொறுத்தருளட்டும் என்று வேண்ட வேண்டும். மறுநாள் காலை கோடாரியில் தேனும் நெய்யும் தடவி வெட்டத் தொடங்க வேண்டும்.

விலக்க வேண்டிய மரங்களின் வரிசையும் அந்த அத்தியாயத்தில் உண்டு. இடி விழுந்தது, காற்றில் முறிந்தது, யானை ஒடித்தது, தீப்பட்டது, தானே பட்டுப்போனது, கொடி இறுக்கியது என்று ஒரு கூட்டம். சுடுகாடு, கோயில், தவச்சாலை, வழி, புற்று ஆகியவற்றின் அருகில் நிற்பது, தேன்கூடு தாங்கியது, யாரோ குடத்தில் நீர் ஊற்றி வளர்த்தது என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்குத் தச்சரின் காரணம் சொல்லிவிடலாம். புயலில் வளைந்த மரத்தில் நார் உள்ளே நசுங்கியிருக்கும், இடி பட்டதில் உள்வெடிப்பு ஓடியிருக்கும். வெளியே தெரியாத இந்தக் காயங்கள் பாரம் ஏறும்போது முறிவாக வெளிப்படும். இரண்டாவது கூட்டத்தையும் இப்படிப் பொறியியலாக்கப் பார்ப்பது தவறு. சுடுகாட்டு மரத்தின் வலு குறைந்ததல்ல. குடத்து நீரில் வளர்ந்த மரத்தின் மேல் அந்தக் குடம் சுமந்தவருக்கு உரிமை உண்டு, தேன்கூட்டு மரத்தின் மேல் தேனீக்களுக்கு உரிமை உண்டு. மரம் வெட்ட வருபவனுக்கு முன்பே அதன்மேல் மற்றவர்களுக்குப் பாத்தியதை இருக்கலாம் என்ற அறிவுதான் அந்த விதிகளின் சாரம்.

பௌத்தத் துறவியர்க்கு விதி வகுக்கும் வினய நூல்கள் இதே பாத்தியதையைக் கதைகளாகச் சொல்கின்றன. ஆளவி என்னும் ஊரில் துறவிகள் கட்டட வேலைக்கு மரம் வெட்டுகிறார்கள். தன் இருப்பிடத்தை அழித்து உம் இருப்பிடத்தைக் கட்டாதீர் என்று ஒரு மரத்தில் வாழும் தேவதை கெஞ்சுகிறது. துறவி நிறுத்தவில்லை, கோடாரி தேவதையின் குழந்தையின் கையில் பட்டுவிடுகிறது. அவரைக் கொன்றுவிட நினைத்த தேவதை, சினத்தை அடக்கிக்கொண்டு புத்தரிடம் போய் முறையிடுகிறது. புத்தர் அதன் பொறுமையைப் பாராட்டி, குடியில்லாத வேறொரு மரத்தைக் காட்டுகிறார். தாவரங்களை அழிப்பது துறவிக்குக் குற்றம் என்ற விதி அதன்பின் பிறக்கிறது. மரத்தில் உயிர் இருப்பதாக மக்கள் கருதுகிறார்கள் என்பதையும் அந்த விதி காரணமாகக் காட்டுகிறது. மரம் உணர்வுடையதா என்பதை முடிவு செய்யாமலே விதி நிற்கிறது. பின்னாளில் தர்மகீர்த்தி மரத்துக்கு உணர்வில்லை என்று வாதிட்டபோதும் பௌத்தத் துறவிக்கு மரம் வெட்டும் அனுமதி கிடைத்துவிடவில்லை. ஐயம் தீரும்வரை காத்திருக்காமல் கடமையை வகுத்துக்கொண்ட இந்த வழி மிகவும் பக்குவமானது.

வேறிரண்டு கதைகளும் கட்டட மரத்தைப் பற்றியவையே. கோசம்பியில் சன்னன் என்னும் துறவி தனக்கு விகாரை கட்ட இடம் வேண்டி, ஊரார் வழிபடும் மரமொன்றை வெட்டுவித்தார். அதனால் பெரிய விகாரைக்கும் சங்கத்தார் வந்து இடம் பார்த்து ஒப்ப வேண்டும் என்ற விதி வந்தது. இராசகிருகத்தில் குயவர் மகனான தனியன் என்னும் துறவியின் கதை இன்னும் நீண்டது. அவருடைய புல்வேய்ந்த குடிலை விறகெடுப்போர் மூன்று முறை பிரித்துக்கொண்டு போனார்கள். சலித்துப்போய் முழுதும் மண்ணாலே குடில் கட்டிச் சுட்டெடுத்தார். அதில் சிற்றுயிர்கள் அழியும் என்று புத்தர் அதை இடிக்கச் சொன்னார். அடுத்து அரசரின் மரக்கிடங்குக்குப் போய், அரசர் தந்துவிட்டார் என்று சொல்லி, நகரப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கியிருந்த மரத்தை வாங்கி வந்துவிட்டார். பட்டமேற்கும்போது புல்லும் விறகும் நீரும் துறவிகளுக்கு உரியன என்று அறிவித்தீர்களே என்பது அவர் விளக்கம். அது காட்டில் உடையவரின்றிக் கிடப்பதைப் பற்றிய பேச்சு என்றார் அரசர் பிம்பிசாரர். துறவியைச் சங்கத்திலிருந்தே விலக்கும் களவு விதி பிறந்தது இந்த மரத்தை முன்னிட்டுத்தான். மண்ணில் கட்டினால் உயிர்க்கொலை, மரத்தில் கட்டினால் களவு என்று தனியன் அகப்பட்டுக்கொண்ட இடத்தில்தான் கட்டடம் கட்டும் எவரும் நிற்கிறார்கள்.

வினயம் துறவிக்கு ஒரு வழிவிட்டது. வெட்டு என்று ஏவக்கூடாது. இது வேண்டும், இதைத் தக்கதாக்கித் தாருங்கள் என்று இல்லறத்தாரிடம் சொல்லலாம். சமணத்தின் மும்முறைக் கணக்கு இந்த வழியை ஏற்காது. ஆனால் அது இல்லறத்தானுக்கு வேறு வாசல் திறக்கிறது. கொல்லும் எண்ணத்தோடு செய்வது, வீட்டுக் காரியங்களில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்று இம்சையை நான்காக்கி, முதலாவதை முற்றிலும் விலக்கச் சொல்கிறது; ஏனைய மூன்றையும் கவனத்தால் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. வீடு கட்டுவது இரண்டாவதில் அடங்கும். காட்டை வெட்டிப் பிழைப்பதும் கரி சுட்டுப் பிழைப்பதும் இல்லறத்தான் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்களில் உள்ளன. இங்கே ஓர் அநீதி ஒளிந்திருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெட்டுபவரைப் பாவத்தொழில் செய்பவராக ஒதுக்கிவிட்டு, அவர் வெட்டியதில் கூரை போட்டுக்கொள்பவர் சிறு குற்றத்தோடு தப்புகிறார். சமணத்தின் சொந்தக் கணக்கையே நேர்மையாகப் போட்டால், செய்வித்தவரும் உடன்பட்டவரும் வெட்டியவரோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

மரவாடியில் சட்டம் வாங்குபவர் மரத்தைப் பார்ப்பதில்லை. இலையும் பட்டையும் ஊரும் பேரும் நீங்கிய பின்புதான் அது அவர் கைக்கு வருகிறது. முன்காலத்தில் சடங்கு செய்த வேலையை இன்று அரசின் சட்டம் ஓரளவு செய்கிறது. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடெங்கும் காட்டு மரம் வெட்டுவதை இறுக்கியது. அதற்கு முன்பே, 1993-இல், மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தையே தவிர்க்கத் தொடங்கி, 2020-இல்தான் அந்தத் தடையை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் மரத்தின் இடத்தை இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பிடித்தன. மரத்தை விலக்கினால் கொலை இல்லை என்பது எளிதான முடிவு. உலோகத்தை உருக்கச் சுரங்கமும் உலையும் வேண்டும். அங்கும் காடு அழிகிறது, கண்ணுக்குத் தெரியாத தொலைவில். 1730-இல் மார்வாரின் கெஜர்லியில் விஷ்ணோயி சமயத்தார் வன்னி மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டபோது, அரசரின் ஆட்கள் உத்தரத்துக்கு மரம் கேட்டு வரவில்லை. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட விறகு கேட்டே வந்தார்கள். அமிர்தாதேவி என்னும் பெண்ணையும் சேர்த்து 363 பேர் மடிந்ததாக விஷ்ணோயிகளின் மரபு நினைவுகூர்கிறது. சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து யாருக்கும் மரம் நினைவுக்கு வருவதில்லை.

எனவே வெட்டலாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. வெட்டிய பின் என்ன கடன் மிச்சமிருக்கிறது என்பதும் அறக்கேள்விதான். அதற்கு விடை தச்சரின் தெரிவுக்குள் இருக்கிறது. மறைவான வேலைக்கு மரம் பார்க்கும்போது இரண்டு தவறுகள் எளிதில் நேரும். மேலே ஓடு வந்து மூடிவிடும் என்று வெள்ளை ஓடிய கட்டையையும் காயாத பச்சைக் கட்டையையும் ஏற்றிவிடுவது ஒன்று. அது வீட்டாருக்குச் செய்யும் துரோகம் என்று எவரும் ஒப்புவர். வெட்டப்பட்ட மரத்துக்கும் அது துரோகம்தான். அறுபது ஆண்டு நிற்க வேண்டிய கூரையில் பதினைந்து ஆண்டில் உளுத்துப்போகும் கைமரம், தன் இடத்துக்கு நான்கு மரங்களைக் கேட்கிறது. இன்னொன்று, எல்லா இடத்துக்கும் முதல்தர மரமே வேண்டும் என்று கேட்பது. குட்டையான முட்டிலும் நேர்ப்பாரம் தாங்கும் குத்துக்காலிலும் சிறு கணு பெரிய குறையல்ல. அதே கணு உத்தரத்தின் அடிப்பக்கத்து நடுவில் விழுந்தால் ஆபத்து. பாரத்தில் அந்தப் பக்கம்தான் இழுபடுகிறது, கணுவைச் சுற்றி நார் விலகி ஓடுவதால் இழுவிசையை அது தாங்காது. நாரோட்டம் சட்டத்தின் நீளத்துக்கு இணையாக ஓடாமல் சாய்ந்து வெளியேறும் கட்டையும் வளைவுக்கு ஆகாது, பலகை அடிப்புக்கு ஆகும். ஒவ்வொரு கட்டைக்கும் அதன் இயல்புக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர், கழிவென்று எறியப்படும் மரத்தைக் குறைக்கிறார். பச்சை மரங்களைக் காப்பதில் இதைவிட நேரடியான செயல் கட்டடத் தொழிலில் அதிகமில்லை.

காயவைப்பதும் இந்தக் கடனில் சேரும். பச்சை மரத்தின் ஈரம் 30 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்வரை அது சுருங்குவதில்லை. அதற்குக் கீழே போகும்போது வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முறுக்கலும் வெடிப்பும் இதனால் வருகின்றன. அவை கூரையில் ஏறிய பின் வருவதைவிட, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கிய நிலையில் வந்துபோவது நல்லது. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளராது. மூங்கிலையும் பனங்கட்டையையும் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம், அவற்றின் மாவும் சர்க்கரையும் கரைந்து உளுப்பூச்சிக்கு இரை இல்லாமல் போவதற்காக. பொறுமையைத் தவிர இதற்கு வேறு செலவில்லை.

நஞ்சு வைப்பதில்தான் கேள்வி மறுபடி கடினமாகிறது. இதுவரை ஒரு மரத்தின் உயிர். இனி, மரத்தைத் தின்னும் எண்ணற்ற உயிர்கள். கரையானுக்குத் தொடுவுணர்வுக்கு மேலும் அறிவு உண்டு என்பதால், சமணக் கணக்கில் அதைக் கொல்வது மரத்தை வெட்டுவதைவிடப் பெரிய பிழை. வீடு கட்டும் துறவிக்கு வினயம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, உயிர்கள் குடியிருக்கும் இடத்தில் கட்டக்கூடாது என்பது. இல்லறத்தான் அந்த அளவுக்கு இடம் தேடிப் போக முடியாது.

மரங்காப்பு வேதியியலின் பெரிய திருப்பங்களுள் ஒன்று இந்தியாவில் நிகழ்ந்தது. டேராடூனின் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்த கரைசலை உருவாக்கினார். செம்பு பூஞ்சையையும் ஆர்சனிக் பூச்சியையும் தடுக்கும். குரோமியம் அவற்றை மழையில் கரைந்துபோகாமல் மரத்தோடு பிணைத்துவிடும். அழுத்தத்தில் செலுத்தினால் மலிவான மரமும் மண்ணில் பல பத்தாண்டுகள் நிற்கும். உலகெங்கும் மின்கம்பங்களுக்கும் வேலிக்கும் வீட்டுச் சட்டங்களுக்கும் அது பரவியது. எத்தனையோ காடுகளை அது காப்பாற்றியிருக்கும். ஆனால் அதில் இருப்பது ஆர்சனிக். அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து அது விலக்கப்பட்டது.

நஞ்சின் அளவைக் குறைத்துக்கொண்டே போகும் வழி தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, அது அகிம்சையின் வழியோடு முரண்படுவதும் இல்லை. சேகைத் தெரிந்தெடுத்து நன்றாகக் காயவைத்தால் பாதிக் காவல் ஆகிவிடுகிறது. தூணை மண்ணில் நடாமல் கல்லின் மேல் நிறுத்துவது, இறவாரத்தை நீட்டிவிடுவது, சுவருக்குள் புதையும் உத்தரத்தின் நுனியில் காற்றுப்போக இடம் விடுவது ஆகியவை அடுத்த காவல். நிலத்துக் கரையான் ஈரமும் மறைவும் இன்றி வாழாது. கல்லின்மேல் ஏற அது மண்குழாய் கட்டியாக வேண்டும், கட்டினால் கண்ணில் படும், தட்டிவிட்டால் வழி அறுபடும். இங்கே எதையும் கொல்ல வேண்டியதில்லை. மழை படாத கூரைச் சட்டங்களுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் போதும். ஈர மரத்தில் அது தானாகவே உள்ளே ஊறும், மனிதருக்கும் கால்நடைக்கும் கேடு மிகக் குறைவு. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பதே அதன் குறை. மண்ணையும் மழையையும் தொட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டிய மரத்துக்கு மட்டும் வன்மையான மருந்து மிஞ்சுகிறது. அந்த இடத்துக்குக் கல்லோ கான்கிரீட்டோ ஆகுமா என்று முதலில் பார்ப்பதே முறை. இப்படி ஒவ்வொரு படியையும் செய்து பார்க்காமல் நேரே மருந்து டப்பாவைத் திறப்பவர், சோம்பலுக்காகக் கொல்கிறார்.

நீண்ட காலம் நிற்க வைப்பதே மரத்துக்குச் செய்யும் நன்றி என்ற இந்த வாதத்துக்கு ஜப்பானின் இசே கோயில் ஒரு மறுப்பாக நிற்கிறது. ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறை அது ஹினோக்கி மரத்தால் புதிதாகக் கட்டப்படுகிறது. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. கணக்கற்ற மரம் வீணாவதாகத் தோன்றும். ஆனால் கழற்றிய மரம் எரிக்கப்படுவதில்லை. முகட்டைத் தாங்கும் தூண்கள் இழைக்கப்பட்டு உஜி பாலத்தின் தோரண வாயில்களாகின்றன, அடுத்த சுற்றில் வேறு ஊர்களின் வாயில்களுக்குப் போகின்றன. கோயிலின் சொந்தக் காட்டில் எதிர்கால மரத்துக்காக 1923-இல் தொடங்கிய நடவுத் திட்டம் 200 ஆண்டு வளர்ச்சியைக் கணக்கில் வைத்தது. மரம் கட்டடத்தைவிட நீண்ட ஆயுளோடு ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. பழைய வீட்டு மரத்தைப் புது வீட்டில் சேர்க்கக்கூடாது என்னும் வாஸ்து வழக்கு இதற்கு நேர் எதிரானது. காரைக்குடியில் இடித்த வீடுகளின் பர்மா தேக்கு விற்பனைக்கு வரும் நாட்டில் அந்த வழக்கைக் கைவிடுவதே தர்மம். புதிதாக ஒரு மரத்தைக் கொல்வதைவிடப் பழைய உத்தரத்தை ஏற்றுவதில் தோஷம் அதிகம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

தமிழ்நாட்டில் கொங்கு வட்டாரத்திலும் தென்மாவட்டங்களிலும் புதுமனை புகுவதற்கு முன்பு தச்சு கழித்தல் என்றொரு சடங்கு நடக்கிறது. மரம் வெட்டியதாலும் கல் உடைத்ததாலும் மண் தோண்டியதாலும் உயிர்களுக்கு நேர்ந்த தீங்கு வீட்டாரைத் தொடராதிருக்க ஆசாரி அதைச் செய்கிறார். சில இடங்களில் கோழி அறுபடுகிறது, பல இடங்களில் பூசணிக்காய் உடைபடுகிறது. கொலைக்குக் கழுவாயாக இன்னொரு கொலை பொருந்தாது. பூசணிக்கு மாறியவர்கள் சடங்கின் உட்பொருளைச் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பழிக்கணக்கில், வேலை முடிந்ததும் பிரித்தெறியப்படும் சவுக்குக் கம்புகளையும் சேர்க்க வேண்டும். நட்ட சில ஆண்டுகளிலேயே வெட்டப்படும் சவுக்கு, சாரமாகவும் முட்டாகவும் எத்தனை கட்டடங்களுக்குச் சுழல்கிறது என்பது, அதை மழையில் போட்டுவிடாமல் நிழலில் அடுக்கி வைப்பவரைப் பொறுத்தது.

கடைசியாக வருவது கழிவு. மருந்தேறாத கட்டை அடுப்பில் எரிந்தோ மண்ணில் மக்கியோ முடிந்துவிடும். கரையானுக்கு அப்போதாவது அதன் பங்கு கிடைக்கும். செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏறிய கட்டையை எரித்தால் நஞ்சு புகையிலும் சாம்பலிலும் வந்துவிடுகிறது. அதை அடுப்புக்கும் வெந்நீர்க் கொப்பரைக்கும் விறகாகத் தரக்கூடாது, சாம்பலைத் தோட்டத்தில் கொட்டக்கூடாது, தூளை மாட்டுக்குப் படுக்கையாகப் பரப்பக்கூடாது. இடிக்கும் கட்டடத்தில் எந்தச் சட்டம் மருந்தேறியது என்று பார்வையில் தெரிவதில்லை. அதனால் ஏற்றும் நாளிலேயே கட்டையின் நுனியில் அழியாத குறி இட்டு வைப்பது, மரத்தைத் தெரிவு செய்தவர் ஐம்பது ஆண்டு கழித்து அதைப் பிரிக்கப்போகிறவருக்குச் செய்ய வேண்டிய வேலை.